பழைய கண்ணாடி மணிகள்: இனம் காண்பதும் கோப்பதும் காப்பதும்

சேலத்துக்காரர்களுக்கு வெள்ளியைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கொலுசைக் கையில் வாங்கியவுடன் அதன் எடையையும் ‘டச்’ எனப்படும் தூய்மை அளவையும் ஏறக்குறையச் சொல்லிவிடுகிறவர்கள் செவ்வாய்ப்பேட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் அதே நகைப்பெட்டியின் அடியில், நூல் இற்றுப்போய் உதிர்ந்து கிடக்கும் கண்ணாடி மணிகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. பழைய வெள்ளியை மாற்றக் கொண்டுபோகும்போது மணிகளை உருவி எறிந்துவிட்டு வெள்ளியை மட்டும் தராசில் வைப்பதே வழக்கமாக இருக்கிறது. அப்படி எறியப்படுபவற்றில் நூறு ஆண்டைக் கடந்தவையும் கடல் கடந்து வந்தவையும் இருக்கக்கூடும். அவற்றை எப்படி இனம் காண்பது, உள்ளூர் வெள்ளி வேலையோடு சேர்த்து எப்படிக் கோப்பது, கோத்ததை எப்படிக் காப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மணி வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்தே மயங்குகிறார்கள். நிறம் வயதைச் சொல்லாது. ஒரு மணி எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு காலம் அணியப்பட்டது என்னும் இரண்டையும் அதன் துளையும் துளையைச் சுற்றிய விளிம்புமே சொல்லும். ஆகவே பார்வை எப்போதும் துளையிலிருந்து தொடங்க வேண்டும்.

மணி செய்யப்படும் விதம்

கண்ணாடி மணி நமக்கு வெளியிலிருந்து வந்த பண்டம் அன்று. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு அவ்வூரின் உரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்தது. ஆனால் அந்த மண்ணில் மிகுதியாகக் கிடைத்த பொருள்களுள் மணிகளும், மணி செய்தபோது விழுந்த கழிவுகளும் அடங்கும். பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலிலும், வைகைக் கரைக் கீழடியிலும் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நம் மாவட்டத்தை அடுத்த ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலோ கல்மணிப் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. அரிக்கமேட்டு வகையைச் சேர்ந்த, ஒரே நிறமுடைய சிறு மணிகளுக்கு ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் ‘இந்தோ பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். கிழக்கே கொரியா, ஜப்பான் வரையிலும் மேற்கே ஆப்பிரிக்கா வரையிலும் அவை சென்று சேர்ந்திருக்கின்றன.

அவற்றைச் செய்யும் முறை, திருப்பதிக்கும் காளத்திக்கும் இடையே உள்ள பாப்பாநாயுடுப்பேட்டை என்னும் ஊரில் தலைமுறை தலைமுறையாக அண்மைக்காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழல் ஒன்றின் முனையில் கூம்பாகத் திரட்டி உலைக்குள் வைத்து, குழலின் ஊடே செலுத்தும் கம்பியால் கூம்பின் நடுவில் துளையிட்டு, உலையின் மறுபக்கத்திலிருந்து கொக்கியால் பற்றி இழுப்பார்கள். உள்ளே துளையோடு கூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். அந்தக் குழாயைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலைக் கலந்து, மீண்டும் சூடேற்றிக் கிளறுவார்கள். நறுக்கிய துண்டுகளின் கூரிய விளிம்புகள் அப்போது உருண்டு மணியாகும். இந்தச் செய்முறையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏனெனில் கண்ணாடியை இழுக்கும்போது அதனுள் இருக்கும் காற்றுக் குமிழ்களும் கோடுகளும் சேர்ந்து நீள்கின்றன. ஆகையால் இழுப்பு மணியில் அவை துளையின் திசையிலேயே ஓடும்.

மற்ற முறைகள் இரண்டு. கம்பியின் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றிச் செய்யும் சுற்று மணியில் குமிழ்களும் கோடுகளும் துளையைச் சுற்றி வளையமாக ஓடும். வாரணாசி வட்டாரத்தில் விளக்குச் சுடரில் செய்யப்படும் மணிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. இளகிய கண்ணாடியை இரண்டு பாதிகளான அச்சுக்குள் அழுத்திச் செய்யும் அச்சு மணியிலோ, இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய தையல்கோடு ஒன்று தெரியும். அரைத்து மெருகேற்றி அக்கோட்டை மறைத்திருந்தாலும், துளையின் வாய்க்கு அருகில் அது பெரும்பாலும் எஞ்சியிருக்கும்.

ஐரோப்பிய மணிகளில் நம் பக்கத்துப் பெட்டிகளில் கிடைக்க வாய்ப்புள்ளவை இரண்டு ஊர்களைச் சேர்ந்தவை. வெனிசு நகரத்தார் தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றினார்கள். பூக்கோல மணிகளும், அடுக்கடுக்கான நிறங்களை அரைத்து விண்மீன் வடிவம் வெளிப்படச் செய்த ‘செவ்ரான்’ மணிகளும் அந்த மரபில் வந்தவை. மற்றொன்று, இன்றைய செக் நாட்டில் உள்ள யாப்லோனெட்ஸ். அழுத்தும் அச்சுகளும் பட்டை தீட்டும் சக்கரங்களும் கொண்டு, எந்த நாட்டார் எதை விரும்புகிறார்களோ அதை அப்படியே செய்து கொடுத்த ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்த வட்டாரத்து மணிகளும் வளையல்களும் இந்தியத் துறைமுகங்களில் பெருமளவில் இறங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த செருமானியக் கைவினைஞர்கள் வெளியேற்றப்பட்டு, பவேரியாவில் புதிதாக ஓர் ஊரையே அமைத்துத் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

லென்சில் பார்க்க வேண்டியவை

வெள்ளி, தங்க வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்சு ஒன்று போதும். கைப்பேசியின் டார்ச்சை மணிக்குப் பின்னால் வைத்து, துளையை நேராக நோக்குங்கள்.

நெடுங்காலம் அணியப்பட்ட மணியின் துளை விளிம்பு, நூல் உராய்ந்து உராய்ந்து வழுவழுப்பாக இருக்கும். சில மணிகளில் நூல் ஒரே பக்கம் இழுத்ததால் விளிம்பு அந்தப் பக்கம் மட்டும் சரிந்து, துளை வட்டத்திலிருந்து முட்டை வடிவுக்குப் போயிருக்கும். இரு முனைகளும் பக்கத்து மணியோடு உரசித் தட்டையாகத் தேய்ந்து, மங்கலான சிறு வட்டங்களைக் காட்டும். பட்டை தீட்டிய மணியானால் பட்டைகள் சந்திக்கும் முனைகளில் பொடிப்பொடியாகச் சிதைவுகள் இருக்கும், ஆனால் பட்டைகளின் நடுப்பகுதி பளபளப்புக் குன்றாமல் இருக்கும். போலிப் பழமை இங்கேதான் பிடிபடும். திராவகத்தில் தோய்த்து மங்கவைத்த புது மணி, பள்ளம் மேடு எல்லாவற்றிலும் ஒரே சீராக மங்கியிருக்கும். உரசாத இடமும் உரசிய இடமும் ஒன்றுபோலத் தோன்றினால் நம்ப வேண்டாம். துளைக்குள் அடைத்த மண்ணும் அப்படியே: உண்மையான அழுக்கு ஊசி முனைக்கு உதிரும், பசை கலந்து அப்பியது பொருக்காகப் பெயரும்.

சிவப்பு மணிகளுக்கு மட்டும் தனியாகச் சிறிது நேரம் ஒதுக்குங்கள். துளையின் வாயைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால், அது வெள்ளைக் கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடியைப் போர்த்திச் செய்த வகை. தங்கம் சேர்த்து நிறமூட்டிய சிவப்புக் கண்ணாடி விலை மிகுந்தது என்பதால் அதைச் சிக்கனமாக மேலே மட்டும் பூசினார்கள். அடியில் இருந்த வெள்ளை, அந்தச் சிவப்பை இன்னும் எடுப்பாகக் காட்டியது. வெள்ளைக்குப் பதிலாகப் பச்சை நிறம் உள்ளே தெரிந்து, மேற்புறம் செங்கல் நிறமாக இருந்தால் அது அதற்கும் முந்திய வகை. இவ்விரண்டும் பவளம் என்று எண்ணி விற்கப்படுவதையும் வாங்கப்படுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பவளத்தில் இத்தகைய வளையம் வராது.

கறுப்பு மணிகளில் சேலத்தில் அதிகம் கிடைப்பது கருகமணி. தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களிலும் இசுலாமியர் குடும்பங்களிலும் திருமணத்தோடு தொடர்புடையது என்பதால், இதில் பழையனவும் புதியனவும் ஒரே சரத்தில் கலந்தே இருக்கும்; அறுந்தபோதெல்லாம் கடையில் வாங்கிச் சேர்த்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில மணிகள் கரும் ஊதாவாகவும், சில கரும் பச்சையாகவும், சில ஒளியே புகாதவையாகவும் தோன்றும். இந்த வேறுபாடு வெவ்வேறு கொள்முதலைக் காட்டுமே ஒழிய வயதைக் காட்டாது. தாலியில் இருந்த கருகமணியை வேறு மாலையில் சேர்ப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சில வீடுகளில் அதை விரும்புவதில்லை.

இளமஞ்சளும் கிளிப்பச்சையும் கலந்த நிறத்தில் மணிகள் இருந்தால், கள்ள நோட்டைப் பார்ப்பதற்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஊதா ஒளி டார்ச்சை இருட்டில் அதன்மேல் அடித்துப் பாருங்கள். பளீரென்ற பச்சையில் ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் சேர்ந்திருக்கிறது. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த பொகீமியப் பகுதியில் 1830களிலிருந்து அவ்வாறு நிறமூட்டினார்கள். பிற்காலத்திலும் அது செய்யப்பட்டதால், ஒளிர்வதனாலேயே பழையது என்று முடிவு கட்டிவிட முடியாது.

பிளாசுடிக்கைப் பிரிப்பது எளிது. கண்ணாடி கனமாகவும், கன்னத்தில் வைத்தால் சில்லென்றும் இருக்கும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது, எதை வாங்கக்கூடாது

முதலில் உங்கள் வீட்டிலேயே தேடுங்கள். குழந்தைகளுக்குக் கையில் கட்டிய கறுப்பு வெள்ளை மணிகள், அறுந்த காசுமாலையின் இடைமணிகள், பழைய சுருக்குப்பையின் நாடா முனைகள் ஆகியவற்றில் மணிகள் தப்பிப் பிழைத்திருக்கும். அடுத்ததாக, பழைய வெள்ளி வாங்கும் கடைகளில், உருக்குவதற்கு முன் உருவி எடுத்த மணிகளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், விலையும் அதிகம் சொல்ல மாட்டார்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது நரிக்குறவர்கள் விற்கும் பாசிமணிகள் பெரும்பாலும் புதியவை. அவை புதியவை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் மணி கோப்பதில் அவர்களுக்கு இருக்கும் கைத்தேர்ச்சியை அருகில் இருந்து பார்ப்பது பயன் தரும்.

ஏற்காட்டைப் பொறுத்தவரை சற்று எச்சரிக்கை தேவை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய பிறகு ஐரோப்பியக் குடும்பங்கள் அங்கே குடியேறின என்பது வரலாறு. அதனால் “எஸ்டேட் பங்களாவில் இருந்த மணி” என்று சொல்லிவிட்டால் எதையும் விற்கலாம் என்ற நிலை ஏற்பட்டிருக்கிறது. கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். லென்சில் தெரிவதற்கு மட்டும் கொடுங்கள்.

மண்ணிலிருந்து எடுத்த மணிகளை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. நிலத்தில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள்களை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்ற செய்தி போய்விட்டால், ஈராயிரம் ஆண்டு மணியும் வெறும் மணிதான். சேர்வராயன் மலைக் கோயில்களில் வழிபடப்பட்ட புதிய கற்காலக் கற்கோடரிகளைப் பதிவு செய்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், தாம் திரட்டிய ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தார். 1904இல் சென்னை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பை வாங்கியபோது, அக்குறிப்புகளே அதற்கு உயிராக இருந்தன. அவர் ஓய்வுக்காலத்தைக் கழித்தது ஏற்காட்டில்தான். அவரைப் போலவே நீங்களும் ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள்: யாருடையது, எந்த நகையிலிருந்து எடுத்தது, எப்போது பிரித்தது.

பிரித்துக் கோத்தல்

பழைய சரத்தை அறுப்பதற்கு முன் அதைப் படம் எடுங்கள். பிறகு தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல் வைத்து நூலை வெட்டுங்கள்; துண்டின் இழை மணிகளை உருள விடாது. எடுத்த நூலையும் சிறு உறையில் போட்டு அந்தச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

விரிசல் உள்ளவற்றையும், துளையின் வாய் உடைந்து கூராக இருப்பவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். கூரிய ஒரு வாய் போதும், புது நூலை ஆறு மாதத்தில் அறுத்துவிடும். மீதியைத் துண்டின் மேல் வரிசையாக அடுக்கி, பெரியவை நடுவிலும் சிறியவை பிடரிப் பக்கமும் வருமாறு அமையுங்கள். கிடைத்த எல்லாவற்றையும் ஒரே மாலையில் திணிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். நல்ல பழைய மணிகள் ஏழோ ஒன்பதோ இருந்தால், அவற்றுக்கு இடையே வெள்ளிக் குண்டுகளைக் கொடுத்து இடம் விட்டு அமைப்பது எனக்குப் பிடித்த முறை. மணி தனித்துத் தெரியும், ஒன்றோடொன்று மோதித் தேயவும் செய்யாது.

வெள்ளிப் பட்டறையில் சொல்ல வேண்டியவை சில உண்டு. கொக்கி, வளையம், குண்டு எல்லாவற்றையும் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, திராவகத்தில் போட்டு, மெருகேற்றி முடித்த பிறகே மணிகளை அவற்றோடு சேர்க்க வேண்டும். ஊதுகுழல் தீயின் சூடு ஒரு பக்கம் பட்டாலே பழைய கண்ணாடி படீரென விரிந்துவிடும். பட்டறைக்கு மணிகளையே கொண்டுபோகாதீர்கள். அளவுக்கு ஒரு மாற்று மணியும், துளையின் அளவைக் காட்ட ஒரு துண்டுக் கம்பியும் போதும். வெள்ளிக் குண்டின் துளை வாயை இருபுறமும் அரம் போட்டுப் பிசிறு இல்லாமல் வாங்குங்கள். கொலுசுக்குப் போடும் குறைந்த டச் வெள்ளியில் செம்பு மிகுதி; அது விரைவில் கறுத்து நூலையும் கறுப்பாக்கும் என்பதால், கழுத்தில் வியர்வை படும் இந்த வேலைக்கு 92.5 டச் வெள்ளியே ஏற்றது.

நூலுக்குப் பட்டு சிறந்தது. முறுக்கேறிய பட்டு நூலை முடிந்த மாலையின் நீளத்தைப் போல ஐந்து மடங்கு எடுத்து, ஓர் இரவு சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டால், பின்னால் அது நெகிழ்ந்து மாலை தொய்வதைத் தவிர்க்கலாம். எஃகுக் கம்பியின் மேல் நைலான் பூசிய இழை வலிமையானது என்று பலரும் பரிந்துரைப்பார்கள். புது மணிகளுக்கு அது சரி. பழைய மணிகளில் நூல் அறுந்தால் நூலை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இழை விறைப்பாக இருந்து மணியின் வாய் உடைந்தால் மாற்று இல்லை.

நூலை இரட்டையாக மடித்து மெல்லிய மணி ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். ஊசி நுழையாத சிறு துளையானால், நூல் முனையைப் பசையில் தோய்த்து முறுக்கிக் காயவைத்தால் அதுவே ஊசியாகிவிடும். ஒவ்வொரு மணிக்கும் பின் ஒரு முடிச்சு இட வேண்டும். அதற்கு நூலைத் தளர்வாக ஒரு கண்ணியாக்கி, மாலையை முழுவதும் அந்தக் கண்ணியின் ஊடே விட்டெடுத்து, கண்ணி இறுகுவதற்கு முன் அதற்குள் ஒரு தையல் ஊசியை நுழையுங்கள். ஊசியால் கண்ணியை நகர்த்திக்கொண்டே வந்து மணியின் வாயை ஒட்டி நிறுத்தி, ஊசியை உருவிய அதே நொடியில் கட்டைவிரல் நகத்தால் முடிச்சை மணிப்பக்கம் தள்ளி இறுக்குங்கள். முடிச்சுக்கும் மணிக்கும் இடையே நூல் தெரியக் கூடாது. அதே வேளையில் மாலையைத் தூக்கிப் பிடித்தால் விறைத்து நிற்கவும் கூடாது. முதல் சில முடிச்சுகள் ஒழுங்காக வராது, ஆகவே மலிவான மணிகளில் பழகிக்கொள்ளுங்கள். இப்படிக் கோத்த மாலை அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் விழாது. கருகமணி போன்ற பொடி மணிகளுக்கு இடையிடையே முடிச்சிட முடியாது. விரற்கடைக்கு ஒன்று போதும். முனைகளில் உடனடிப் பசையை ஊற்றாதீர்கள், அது நூலை விறைக்கச் செய்து அங்கேயே ஒடிக்கும். முனை நூலைத் திருப்பி இரண்டு மூன்று மணிகளுக்குள் மீண்டும் செலுத்தி முடிச்சிடுவதே போதுமானது.

காப்பது

பழைய மணிகளுக்குச் சோப்பும் கொதிநீரும் வேண்டாம். உறுதியான மணியானால் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். வெள்ளியை வெளுக்க விற்கப்படும் திரவத்தில் மாலையோடு முக்கவே கூடாது. வெள்ளிப் பகுதியை மட்டும் துணியால் தேயுங்கள். நீண்ட காலம் புதைந்திருந்தோ ஈரத்தில் கிடந்தோ வந்த மணியில் வானவில் மினுக்கம் இருந்தால், அது வெங்காயச் சருகைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்துவரும் கண்ணாடிப் படலம். அதைத் தேய்த்தால் போனது போனதுதான். வாசனைத் திரவியமும் கூந்தல் எண்ணெயும் பூசி முடித்த பிறகே மாலையை அணிய வேண்டும்.

சேலத்து வெயில் கண்ணாடியை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனியில் நனையும் ஏற்காட்டு வீடுகளில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய நோய் ஒன்று கண்ணாடிக்கு உண்டு. சுண்ணச்சத்து குறைவாகவும் காரச்சத்து மிகுதியாகவும் கலந்து செய்த கண்ணாடி, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் காரத்தை வெளியே கசிய விடும். மணியின் மேல் பிசுபிசுப்பான ஈரம் தோன்றும். உலர்ந்தால் வெள்ளைப் பூப் பூக்கும். நாளடைவில் உடம்பெங்கும் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடி மணி உதிரும். கசிந்த காரம் பட்டு நூலையும் அரித்துவிடும். ஒரு சரத்தில் ஒரே நிறத்து மணிகள் மட்டும் இவ்வாறு வியர்ப்பதும் உண்டு, ஏனெனில் அவை ஒரே உலைக் கலவையில் பிறந்தவை.

அத்தகைய மணிகளைச் சரத்திலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள்; அது தொற்றுநோய் அன்று என்றாலும், கசியும் காரம் பக்கத்து மணியின் மேலும் வெள்ளியின் மேலும் படியும். காற்றுப் புகாத பிளாசுடிக் பைகளில் போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே அடைத்து நோயை விரைவுபடுத்தும். சாயம் போகாத பருத்தித் துணியில் சுற்றி, மரப்பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்து, பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை இடுங்கள். மழைக்காலத்தில் அதை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஆனால் ஈரத்தை ஒரேயடியாக வற்றச் செய்யவும் கூடாது. ஏற்கெனவே வெடிப்பு ஓடிய மணி முற்றும் உலர்ந்த காற்றில் செதில் செதிலாகப் பெயரும் என்பதால், ஈரப்பதம் 40 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதைக் காட்டும் சிறு மானிகள் மலிவாகவே கிடைக்கின்றன. நோய் கண்ட மணிகள் பல இருந்தால், மாலையைச் சமவெளியில் உள்ள உறவினர் வீட்டு அலமாரிக்கு அனுப்பிவிட்டு, மலையில் அணிவதற்குக் கருகமணிச் சரம் ஒன்றை வைத்துக்கொள்வதே எளிய வழி.